ஏழு பேர் ஆடிய இறுதியாட்டம்

தூத்துக்குடி
6-1-1949, மார்கழி 23, வியாழக்கிழமை

அன்பு மகன் செல்வதுரைக்கு உன் தந்தை எழுதுவது.

இங்கு நானும் உன் அன்னையும் உடல்நலத்தோடு இருக்கிறோம். பம்பாயில் நீயும் மருமகளும், சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டதாக நீ எழுதியிருந்த என் பேத்தியும் எக்குறையுமின்றி இருக்கிறீர்கள் என்னும் செய்திதான் எங்கள் சோற்றுக்கு உப்பாக இருக்கிறது. உன் மடல் வந்து இருபது நாளாயிற்று. விடை எழுதக் காலந்தாழ்த்தியது சோம்பலால் அன்று. எழுத வேண்டிய செய்தி ஒன்றை எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் நான்கு முறை தாளை எடுத்து நான்கு முறையும் மடித்து வைத்தேன். மேடையேறினால் இரண்டு மணி நேரம் நீர் அருந்தாமல் பேசுகிறவனுக்கு இப்படியும் ஒரு நிலை வந்ததே என்று நீ நகைக்கலாம். நகைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மழையில் பின்கட்டுச் சுவர் ஒரு பக்கம் சரிந்தது, கொத்தனாரை அழைத்து எடுத்துக் கட்டியாயிற்று. கிணற்று நீர் இவ்வாண்டு உவர்ப்புக் குறைந்து வாயில் வைக்கும்படி இருக்கிறது. பங்கீட்டுக் கடை அரிசியில் பாதி கல்லாக இருந்தாலும் கிடைக்கிறதே என்று பொறுக்கி உண்கிறோம். உன் அன்னைக்குப் பனிக்காலம் வந்தால் முழங்கால் வலி மிகுகிறது. எண்ணெய் தேய்த்துக்கொள் என்றால் தேய்த்துவிட்டேன் என்கிறாள், எண்ணெய்ப் புட்டியில் எண்ணெய் குறையக் காணோம். உன் தங்கை சீனித்தாய்க்கு இது ஏழாம் திங்கள். தை பிறந்ததும் உடன்குடிக்குச் சென்று அழைத்துவர இருக்கிறோம். அவள் மாமனார் வீட்டிலிருந்து ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வந்தது. அதில் பாதியை உனக்கென்று கட்டி உறியில் தொங்கவிட்டு, பம்பாய்க்கு வண்டியேறும் முகம் ஏதேனும் தெருவில் தென்படுகிறதா என்று உன் அன்னை நாள்தோறும் பார்த்து நிற்கிறாள். நான் எழுதத் தொடங்கியதைக் கண்டு, "அவனுக்கு மேடைப் பேச்சா எழுதாதிய. வேளைக்குச் சாப்பிடுதானா, அங்கத்த தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கிட்டுதா, அத முதல்ல கேளுங்க" என்று அடுக்களையிலிருந்தே ஆணையிட்டாள். ஆகவே கேட்கிறேன். இரண்டுக்கும் தனித்தனியே விடை எழுது.

இனி என் நெஞ்சில் கிடக்கும் செய்திக்கு வருகிறேன். நம் கீழ்க்கடற்கரைப் பள்ளிகள் விளையாட்டுக் கழகத்தின் கூட்டம் நாளை மறுநாள் சனிக்கிழமை கூடுகிறது. முத்துத்துறைப் பள்ளிப் பிள்ளைகள் மீண்டும் நம் கழகத்தில் ஆடலாமா, கூடாதா என்பதை அன்று முடிவு செய்வார்கள். அவர்களைத் தடுத்து நிற்பது ஒரே ஒரு விதி. அவ்விதியை எழுதியவன் நான், அதை அவையில் நிறைவேற்றிக் கொடுத்ததும் என் நாவே. இதற்கிடையில், கழகம் தோன்றிப் பத்தாண்டு நிறைந்ததை ஒட்டிக் கழக வரலாற்றைச் சிறு நூலாக எழுதித் தருமாறு செயற்குழுவினர் என்னையே கேட்டார்கள். முதல் மூன்றாண்டுகளை ஒரே அமர்வில் எழுதிவிட்டேன். நான்காம் ஆண்டு வந்ததும் எழுதுகோல் நின்றுவிட்டது. அது 1941, நீ தலைவனாக நின்று கேடயம் வாங்கிய ஆண்டு.

முதல் மூன்றாண்டு வரலாற்றை எழுதுகையில் எனக்கே சிரிப்பு வந்தது. 1938-க்கு முன் இப்பகுதியில் இரண்டு பள்ளிகள் கால்பந்தாடுகின்றன என்றால் ஊரார் பந்தைப் பார்க்க வருவதில்லை, சண்டையைப் பார்க்கத்தான் வருவார்கள். நான் தமிழ் கற்பிக்கும் நம் பள்ளியும் பக்கத்துப் பள்ளி ஒன்றும் உப்பளத்தருகே ஆடிய ஓர் ஆட்டத்தில் நடுவர் சொன்ன தீர்ப்புப் பிடிக்காமல் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஓர் உப்புக் குவியலின் உச்சியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த நல்ல மனிதர் இறங்க வழியின்றி அங்கிருந்தே ஊதலை ஊதி ஆட்டத்தை நடத்தி முடித்தார். அதன் பிறகுதான் தலைமையாசிரியர்கள் ஒன்றுகூடி, விதி வேண்டும், கழகம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மூன்று பள்ளிகளோடு தொடங்கி ஈராண்டில் எட்டுப் பள்ளிகள் ஆயின. பொங்கல் கழிந்து தையில் தொடங்கிப் பங்குனிக்குள் ஆட்டங்களை முடிப்பது வழக்கமாயிற்று. சுண்ணாம்பு வாங்க வகையில்லாமல், உப்பளத்தில் கழித்துப் போடும் அழுக்கு உப்பைக் கொண்டு களத்துக்குக் கோடு போட்டோம். முந்தைய நாள் போட்ட கோடு பனியில் கரைந்து போயிருக்கும், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டால் கோடு எங்கே என்று நடுவர் திருப்பிக் கேட்பார். சாயர்புரத்துப் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கி, மாடுகளுக்கு முன்பாகத் தாங்கள் தண்ணீர் குடிப்பார்கள். உடன்குடிப் பிள்ளைகளோ குலசேகரன்பட்டினத்துச் சிறு இரயில் 1940-இல் நின்றுபோன பிறகு திருச்செந்தூர் வரை மணலில் நடந்து, அங்கிருந்து வண்டி பிடித்து வந்து, வந்த களைப்போடேயே ஆடி வென்றும் போனார்கள். கேடயம் உனக்கு நினைவிருக்கும், தேக்குப் பலகையில் முத்துச்சிப்பி பதித்தது. அதைச் செய்வித்துக் கழகத்துக்கு ஈந்தவர்கள் முத்துத்துறைப் பள்ளியார் என்பதை இன்று அறிந்தவர் மிகச் சிலரே. இவ்வளவும் எழுதினேன். எழுத்து ஓடிற்று.

இனி நான்காம் ஆண்டு. உனக்குத் தெரிந்ததையே மீண்டும் எழுதுகிறேன் என்று எண்ணாதே. உனக்குத் தெரியாததும் இதில் உண்டு. அரையிறுதி ஆட்டம் ஒன்றில், பள்ளியின் பெயர் வேண்டாம், மீசை முறுக்கிய ஒருவன் வலப்பக்கத்தில் பந்தைக் கடத்திக்கொண்டு ஓடுகிறான்; எல்லையருகே ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த மூன்று வயதுக் குழந்தை, "ஏப்பா, வீட்டுக்குப் போவோமா" என்று அவனை நோக்கிக் கையை நீட்டி அழுதது. கூட்டத்தில் ஒருவன், "ஏலே, நீ எந்த வகுப்பு, ஒம்புள்ள எந்த வகுப்பு? ரெண்டு பேரும் ஒரே பெஞ்சிலயா இருக்கிய?" என்று கூவினான். களமே சிரித்தது. பிறகு உசாவியதில் அவன் பஞ்சாலையில் முற்பகல் வேலை பார்ப்பவன் என்றும், பிற்பகலில் ஒரு மணி நேரம் வகுப்பில் தலைகாட்டிப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறான் என்றும் தெரிந்தது. இத்தகைய ஏமாற்றை ஒழிக்க வேண்டும் என்று உடனே கூட்டம் கூட்டினார்கள். விதி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். காலைப் பதிவேட்டில் நான்கில் மூன்று பங்கு நாள் வந்ததாகப் பெயர் இல்லாதவன் களமிறங்கக் கூடாது என்று எழுதினேன். ஆலைக்குப் போகிறவன் காலையில் பள்ளிக்கு வர முடியாதல்லவா? விதி கூர்மையாக இருந்தது. அதுவரை என் மேல் குற்றமில்லை.

அவ்விதியை அவையில் வைக்கக் கூடிய கூட்டத்திற்கு முந்தைய நாள் மாலை நம் வீட்டு வாசலுக்கு ஆக்னஸ் அம்மாள் வந்தாள். முத்துத்துறைப் பள்ளி அணித்தலைவன் கஸ்பாரின் தாய். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். சந்தையில் மீன் விற்கிறவள். நீ அப்போது பயிற்சிக்குப் போயிருந்தாய். உன் அன்னை கொடுத்த நீரைக் குடித்துவிட்டு அவள் என்னிடம் சொன்ன சொற்கள் இவை: "அய்யா, எம்மவன் விடிய முன்ன அவன் மாமன் வள்ளத்துல போறான். மாமன் சங்கு எடுக்க முங்குவான், இவன் மேல கயிறு பிடிப்பான். மத்தியானம் கரையேறுன ஒடனே, மேல்ல உப்பக் கழுவக்கூட நேரமில்லாம பள்ளிக்கூடத்துக்கு ஓடுதான். சங்குக் காலம் முடியுத மட்டும் எங்க பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைகளுக்கு மத்தியானந்தான் பேரு எடுக்காவ. கடலையும் அவன் விடல, படிப்பையும் விடல. காலையில இல்லைன்னு மட்டும் பாத்துப் பேர வெட்டிராதிய." நான் ஆவன செய்வதாகச் சொல்லி அனுப்பினேன். மகனே, இதை நான் உனக்கு இதுநாள் வரை சொன்னதில்லை. விதியைக் கண்மூடி எழுதிவிட்டேன் என்றே நீயும் ஊரும் எண்ணியிருக்கிறீர்கள். கண் திறந்திருந்தது.

மறுநாள் அவையில் முத்துத்துறைப் பள்ளியின் ஆசிரியர் எழுந்து அதே வேண்டுகோளை வைத்தார். சங்குக் காலத்தில் மட்டும் பிற்பகல் பதிவை ஏற்றுக்கொள்ளலாமே என்றார். அவை தயங்கியது, அவர் பக்கம் சாய்வதுபோலவும் இருந்தது. நான் எழுந்தேன். ஆக்னஸ் அம்மாள் சொன்னதை அவைக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எழும்போதே என் நாவில் ஒரு தொடர் வந்து உட்கார்ந்துவிட்டது. "மூழ்குவது அவர் தொழில், முந்துவது நம் தொழில்!" என்றேன். பிறகு ஒருவர் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். விதி நிறைவேறியது. அந்தக் கைத்தட்டலின் சூட்டிலேயே, ஒரு பள்ளி மறுத்தாலும் இவ்விதியை மாற்ற இயலாது என்று ஒரு வரியையும் சேர்த்துக் கட்டினேன். பத்து நாளில் இறுதியாட்டம். நம் பள்ளிக்கும் முத்துத்துறைக்கும். உன் கையில் கேடயத்தைக் காண வேண்டும் என்னும் விருப்பம் அன்றைய பேச்சில் கலக்கவில்லை என்று எட்டாண்டாக எனக்கு நானே சொல்லி வந்தேன். கலந்திருந்தது.

பிறகு நடந்ததை நீ களத்தில் நின்று பார்த்தாய், நான் வெளியே நின்று பார்த்தேன். கஸ்பார் உட்பட நால்வர் பெயர் வெட்டப்பட்டது. அவர்களுக்கு மாற்றாக நிறுத்தவும் அப்பள்ளியில் ஆளில்லை, ஆடத் தெரிந்த மற்றப் பிள்ளைகளும் காலையில் கடலில் இருப்பவர்களே. எழுவர் வந்தார்கள். ஏழு பேர் வெறுங்காலோடு பதினொருவரை எதிர்த்து, ஆட்டம் முடியக் கால் மணி இருக்கும் வரை பந்தை வலைக்குள் விடவில்லை. கடைசியில் உன் காலால் ஒன்று புகுந்தது. கேடயத்தை நீ வாங்கும்போது கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சலும் எழவில்லை. அவர்கள் வந்த வழியே மணலில் நடந்து போனார்கள், அவர்கள் பள்ளி கழகத்தை விட்டும் போயிற்று. நீ வீட்டுக்கு வந்து கேடயத்தை மூலையில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்து, "எப்பா, கோலு போட்டது நான் இல்ல. ஒங்க நாக்குதான்" என்றாய். எதிரே நின்று என்னிடம் அப்படிப் பேசியவர் அதற்கு முன் எவருமில்லை. சினத்தால் ஒரு திங்கள் உன்னோடு பேசாதிருந்தேன். அடுத்த ஆண்டு நீ பம்பாய்க்கு வண்டியேறினாய். போர் நம் கரைவரை வந்தது, பந்தின் உட்பைக்கான இரப்பர் கிடைக்காமல் ஆட்டங்கள் நின்றன, 1946-இல் கழகம் மீண்டும் கூடியபோது ஏழு பள்ளிகளே வந்தன. அவ்விதியும் அப்படியே வந்து சேர்ந்தது.

அந்தக் கஸ்பார்தான் இப்போது முத்துத்துறைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியன். சென்ற திங்கள் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறான். எங்கள் பிள்ளைகள் இன்றும் காலையில் கடலுக்குத்தான் போகிறார்கள், பிற்பகலில் படிக்கிறார்கள், அவர்களை ஆட விடுங்கள், இவ்வாண்டும் இயலாதென்றால் இனி நாங்கள் கேட்க மாட்டோம், அவ்வளவுதான். ஆறு பள்ளிகள் இசைவு தெரிவித்துவிட்டன. மறுப்பவர் ஒருவரே, சாயர்புரத்துக்கு மேற்கே ஒரு கிறித்தவப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜெபசிங். நேர்மையானவர், விதியென்றால் விதிதான் என்பவர். சென்ற கிழமை அவரைக் காணச் சென்றேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர், "பண்டிதரே, நான் புதுசா என்ன சொல்லுதேன்? நீங்க அன்னிக்குச் சொன்னதத்தான் திருப்பிச் சொல்லுதேன். எங்க பையங்க அந்த வாக்கியத்த மனப்பாடமா வச்சிருக்கானுவ" என்று மூச்சு விடாமல் அதை ஒப்பித்துக் காட்டினார். என் தொடரை மற்றொருவர் வாயில் கேட்கையில் வாய்க்குள் மணல் புகுந்ததுபோல் இருந்தது. சனிக்கிழமைக்கென ஏழு தாள்களில் ஒரு பேச்சு எழுதியிருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. மடலை இன்று இத்தோடு நிறுத்துகிறேன். கூட்டம் முடிந்த பின் எஞ்சியதை எழுதி ஒன்றாகவே அனுப்புவேன்.

9-1-1949, மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். காலையில் பின்கட்டில் நின்று அந்த ஏழு தாள்களை உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். உன் அன்னை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கும் நல்லாத்தான் இருந்துது" என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க மேடையில பேசிட்டு எறங்கிப் போயிருதிய. எட்டு வருசமா சந்தையில அவ மொகத்துக்கு எதுக்க நின்னு மீன் வாங்குதது நான். அவ ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்" என்றாள். உன் அன்னை இத்தனை சொற்களை ஒருசேரப் பேசி நான் கேட்டது அரிது. தாள்களை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போனேன்.

ஏழு பள்ளிகளின் சார்பாளரும் வந்திருந்தார்கள். கடைசி விசிப்பலகையில் கஸ்பார் கைகட்டி உட்கார்ந்திருந்தான். தோள் அகன்று, காதோரம் வெயிலில் செம்பட்டை பாய்ந்து, அந்தப் பதினேழு வயது முகம் எங்கோ உள்ளே இருந்தது. என்னைப் பேச அழைத்ததும் வழக்கம்போல் இரண்டொருவர் கை தட்டினார்கள். தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு ஆக்னஸ் அம்மாள் என் வாசலில் நின்று சொன்னதை, அவள் சொன்ன சொல்லிலேயே சொன்னேன். இதை முந்தைய நாளே அறிந்திருந்தும் அன்று இந்த அவைக்கு மறைத்தேன் என்றேன். அறிந்து மறைத்துவிட்டு, ஒரு தொடர் அழகாக இருந்தது என்பதற்காக அதைச் சொன்னேன் என்றேன். எதிரணியில் என் மகன் ஆடினான் என்பதையும் சொன்னேன். செல்வதுரை, உன் பெயரை அவையில் சொல்லும் உரிமையை உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதைப் பிறர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றே இம்மடலை இவ்வளவு நீட்டுகிறேன். ஆலைக்குப் போய்விட்டுப் பள்ளியை ஏமாற்றியவனைத் தடுக்க எழுதிய விதி, கடலுக்குப் போயும் பள்ளியை ஏமாற்றாதவனைத் தடுத்துவிட்டது, ஆகவே சங்குக் காலத்தில் பிற்பகல் பதிவையும் ஏற்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். அரை நாழிகைகூட ஆகவில்லை. முப்பதாண்டு மேடை வாழ்வில் ஓசையில்லாமல் முடிந்த என் பேச்சு அது ஒன்றே.

கை உயர்த்தக் கேட்டார்கள். என் கையோடு ஆறு கைகள் உயர்ந்தன. ஜெபசிங் மேசையைப் பார்த்தபடி இருந்தார். அவர் கை உயராவிட்டால் ஆறு கையும் பயனில்லை, நான் கட்டிய கட்டு அப்படி. கடைசி விசிப்பலகையில் கஸ்பார் எழுந்து மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டான். அப்போது ஜெபசிங் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பண்டிதரே, அன்னிக்கு அந்த வாக்கியத்துக்கு முதல்ல தட்டுனது யாரு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நினைவில்லை என்றேன். "நான்தான். எனக்கு ஞாபகம் இருக்கு, கை செவந்து போச்சு" என்றார். பிறகு மெல்ல எழுந்தார். பருத்த உடம்பு, எழுவதற்கே இரண்டு முறை மேசையைப் பற்ற வேண்டியிருந்தது. "பேசுனவரு எந்திரிச்சு நின்னு சொல்லிட்டாரு. தட்டுனவன் உக்காந்துகிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, ஒரு கை போதுமான இடத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தோம். விதி திருந்திற்று. இவ்வாண்டு ஆட்டப் பட்டியலையும் அங்கேயே போட்டார்கள்.

வெளியே வந்ததும் கஸ்பாரிடம் போனேன். என்னைப் பொறுத்தருள வேண்டும் என்று தொடங்கினேன். அவன் கையமர்த்தி, "அய்யா, அதெல்லாம் எங்கிட்ட வேண்டாம். அம்மையத் தேடி வந்து அவகிட்டச் சொல்லுங்க, அவ மீன் வித்துகிட்டே கேப்பா" என்றான். பிறகு வாய் ஓரத்தில் ஒரு சிரிப்போடு, "தை ஒம்பது சனிக்கிழம எங்களுக்கும் ஒங்க பள்ளிக்கூடத்துக்கும் முதல் ஆட்டம் போட்டிருக்காவ. கட்டாயம் வாங்க. ஆனா எங்களுக்குப் பரிஞ்சுகிட்டு எங்க பக்கம் வந்து உக்காந்திராதிய. ஒங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே இருங்க. நாங்க போடுத கோலு அங்கன இருந்து பாத்தாத்தான் நல்லாத் தெரியும்" என்றான். அவ்வளவு சொல்லிவிட்டு, ஆட்டத்தை மாலை நாலரைக்கு முன்பு தொடங்கக் கூடாது, வள்ளங்கள் கரையேறி, பிள்ளைகள் வகுப்பையும் முடித்துவிட்டு வர வேண்டும், அதைச் செயலாளரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று எனக்கொரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனான். இன்று காலை சந்தைக்கு உன் அன்னையோடு நானும் போனேன். ஆக்னஸ் அம்மாளிடம் நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. ஒரு பங்கு கூடுதலாகச் சாளை மீன் வீட்டுக்கு வந்தது என்பதை மட்டும் அறிவாயாக.

இனி உனக்குச் சில சொற்கள். பம்பாயில் நீ தங்கியிருக்கும் பகுதியில் நம் ஊரார் கூடிச் சங்கம் அமைப்பதாகவும் அதில் உன்னைப் பேச அழைப்பதாகவும் எழுதியிருந்தாய். பேசு. ஆனால் ஒரு தொடர் மிக அழகாக வந்து நாவில் அமர்ந்தால், அது யார் முகத்தில் போய் விழும் என்று ஒரு நொடி பார்த்துக்கொள். வேளைக்கு உண். பேத்தியைத் தனியே படி இறங்க விடாதே. மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல். சீனித்தாய்க்குப் பேறு நலமாக முடியும்வரை உன் அன்னையால் வெளியூர் வர இயலாது என்பதையும் பக்குவமாக எடுத்துச் சொல். பொங்கலன்று உங்கள் வீட்டுப் பானையும் பொங்கட்டும். பெற்ற எங்கள் இருவரின் வாழ்த்தும் உங்கள் மூவர் தலைமேலும் என்றும் நிழலாக நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் மறவாதே. வரலாற்று நூலில் 1941-ஆம் ஆண்டுக்குரிய பக்கத்தை நான் எழுதப் போவதில்லை. வெளியே நின்று பேசியவன் நான். களத்தில் நின்றவன் நீ. அந்த எழுவர் எப்படி ஆடினார்கள் என்பதை நீயே எழுதி அனுப்பு. ஒரு பக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தை இருபதுக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். உனக்கு வந்த சொல்லில் எழுது, வீட்டில் பேசுவதுபோல் எழுதினாலும் சரி. அதில் ஒரு சொல்லையும் நான் திருத்த மாட்டேன்.

உன் அன்புத் தந்தை,
தாணுலிங்கம்